நாளையும் விதியும்: இசுலாமியத் திட்டமிடலும் கேமரன் மலைத் தோட்டங்களும்

கேமரன் மலையில் தேயிலைக் கன்றை நடுகின்றவர் அதன் கொழுந்தை முறையாகக் கிள்ள மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். காலத்தே கவ்வாத்துச் செய்து பேணினால், நட்டவரின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அச்செடி கொழுந்து தரும். ஜே. ஏ. ரசல் 1929இல் தொடங்கிய போ தோட்டத்தில் காட்டை அழித்துக் கன்று நட்ட கைகளுள் தமிழர் கைகள் பல. இத்துணை நீண்ட எதிர்காலத்தை மண்ணில் ஊன்றிய அம்மக்களைத்தான் 'தலையெழுத்தை நம்பி வாழ்பவர்கள், நாளையை எண்ணாதவர்கள்' என்று பலர் எழுதிவந்துள்ளனர். கிராமப்புற மலாய் முசுலிம்களைப் பற்றியும் இதே குறை கூறப்பட்டது. அங்குத் தலையெழுத்து என்பதற்குப் பதிலாக 'தக்டிர்' என்னும் சொல் வந்தது. இக்கூற்று இரு சமூகத்தார்க்கும் பொருந்தாது என்பதே நம் கருத்து.

முதலில் இசுலாமிய மூலங்களை நோக்குவோம். திருக்குர்ஆனின் யூசுப் அத்தியாயத்தில் ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமித்து, அடுத்து வரும் ஏழாண்டுப் பஞ்சத்தை எதிர்கொள்ளும் திட்டம் விரிவாகக் கூறப்படுகிறது. அத்திட்டத்தை வகுப்பவர் ஓர் இறைத்தூதர் என்பது கருதத்தக்கது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்னும் கருத்துடைய நபிமொழி பலரும் அறிந்ததே. உலகின் இறுதிவேளை வந்துற்றபோதும் கையிலுள்ள கன்றை நட்டுவிட வேண்டும் என்று மற்றொரு நபிமொழி அறிவுறுத்துகிறது. தேயிலை நாற்றுமேடைகளைக் காணும்போதெல்லாம் நமக்கு இதுவே நினைவுக்கு வரும். 'நாளை இதைச் செய்வேன்' என்போர் 'இறைவன் நாடினால்' என்று சேர்த்துக் கூறவேண்டும் என்பதும் குர்ஆனின் கட்டளைதான். எனினும் அது திட்டமிடுவோரின் செருக்கைத் தடுக்கிறதேயன்றித் திட்டத்தைத் தடுப்பதன்று. கலீபா உமர் கொள்ளைநோய் பரவிய சிரியாவுக்குள் நுழையாது திரும்பினார். இறைவிதியிலிருந்து தப்பி ஓடுகிறீரா என்று வினவியோர்க்கு, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக அவர் விடையிறுத்தார்.

இக்கொள்கை மலேசிய மண்ணில் நிறுவன வடிவம் பெற்ற வரலாறு இனிக் காணத்தக்கது. மலாய்க் கிராமத்தார் ஹஜ்ஜுப் பயணத்திற்காகப் பல்லாண்டுகள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தனர். ஆனால் வட்டிக்கு அஞ்சி வங்கியை நாடாது, அதனை வீட்டிலேயே மறைத்துவைத்தனர். போதாதபோது நிலத்தையும் கால்நடைகளையும் விற்றனர். மக்காவிலிருந்து திரும்பியபின் வறுமையில் வாடினர். நாளையை எண்ணாதவர்களா இவர்கள்? பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் 1959இல் எழுதிய திட்ட அறிக்கை, குறை மக்களிடம் இல்லை, அவர்கள் ஏற்கத்தக்க சேமிப்பு அமைப்பு இல்லாமையே குறை என்று கண்டது. அதன் பயனாக ஹஜ்ஜுப் பயணியர் சேமநிதிக் கழகம் 1963இல் செயல்படத் தொடங்கியது. 1969இல் அது ஹஜ்ஜு விவகார அலுவலகத்துடன் இணைக்கப்பட்டது. பின்னர் தாபோங் ஹாஜி என்று வழங்கலாயிற்று. வட்டி நீக்கிய முதலீட்டின் ஆதாயத்தைச் சேமிப்பாளர்க்குப் பகிர்ந்தளித்தலே அதன் நெறி. நெறி சிறந்ததாயினும் நிருவாகத்திற்குக் கண்காணிப்பு வேண்டும். சொத்து மதிப்பு பொறுப்புகளுக்கு ஈடாகாத நிலையில் 2018இல் அந்நிறுவனம் சீரமைக்கப்பட நேர்ந்தது.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பின்னாளில் நெடுங்காலம் பணியாற்றிய இதே உங்கு அசிஸ், 1951 முதல் 1960 வரை மலாயாத் தோட்டங்கள் துண்டாடப்பட்டது குறித்தும் விரிவான ஆய்வொன்றை நடத்தினார் என்பதைத் தமிழ் ஆய்வாளர் போதிய அளவு கவனிக்கவில்லை. தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒருங்கே இழந்தோர் பெரும்பாலும் தமிழரே. அந்நெருக்கடியில் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதந்தோறும் செலுத்திய பத்துப் பத்து வெள்ளியைக் கொண்டு சங்கம் தோட்டங்களை வாங்கியது. ஹஜ்ஜு நிதியும் நிலநிதியும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வகையான சிறுசேமிப்பில் பிறந்தவை. அவற்றை ஒருசேர வைத்து ஆராயாமை நம் கல்வித்துறைகளின் பிரிவினையால் நேர்ந்த இழப்பு.

தோட்டங்களில் இவற்றுக்கு முன்பே கூட்டு பிடிக்கும் வழக்கம் இருந்தது. மாதந்தோறும் பலர் பணம் போட, முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வார். 'கூட்டு' என்னும் இத்தமிழ்ச் சொல் மலாயில் 'குத்து' என வழங்குகிறது. கூட்டு நிதியைத் தடைசெய்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலும் அது இடம்பெற்றுள்ளது. திருமணம், காதணி விழா, பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகியவற்றுக்குத் திட்டமிட்டவர்களையே 'நாளையை எண்ணாதவர்கள்' என்றனர்.

கேமரன் மலையின் நிலை சற்று வேறானது. பறித்த கொழுந்து அன்றே ஆலைக்குச் சென்றாக வேண்டும். ஆலையின்றித் தேயிலைத் துண்டுநிலத்தால் பயனில்லை. ஆதலின் ரப்பர்த் தோட்டங்களைப் போல் அவை எளிதில் துண்டாடப்படவில்லை எனக் கருதுகிறோம். அதே காரணத்தால், தொழிலாளர் அங்கு நிலவுடைமையாளராகும் வாய்ப்பும் அரிதாயிற்று. 1951இல் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதி முதுமைக்கு ஒரு தொகையைத் தந்தது. ஆனால் குறைந்த கூலியில் சேர்ந்த தொகையும் குறைவே. லயத்து வீடோ நிருவாகத்தின் உடைமை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. நாற்பதாண்டு கொழுந்து கிள்ளியவர் ஓய்வுபெறும் நாளில் எங்குச் செல்வார் என்பதற்கு நபிமொழியிலோ திருக்குறளிலோ விடை தேடிப் பயனில்லை. அது வீட்டுடைமை பற்றிய சட்டக் கேள்வி.

இன்று அம்மலைகளில் கொழுந்து வெட்டுவோருள் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் பலர். அவர்களுள் பெரும்பாலோர் முசுலிம்கள். ஊரில் வீடு கட்டவும், உடன்பிறந்தாள் திருமணத்திற்கும், கடன் அடைக்கவும் அவர்கள் பணம் அனுப்புகின்றனர். 2025 அக்டோபர் ஊதியம் முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்க்கும் சேமநிதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. தொழிலாளி 2 விழுக்காடும் முதலாளி 2 விழுக்காடும் செலுத்த வேண்டும். குடிமக்களுக்காக முதலாளி செலுத்துவதோ 12 அல்லது 13 விழுக்காடு.