குழாயின் வாயும் நீரின் விரைவும்

வீட்டுக் குழாயில் நீர் மெலிந்து வந்தால் குழாயின் அகலத்தையே நாம் முதலில் குறை கூறுகிறோம். அகலம் ஒன்றே நீரின் அளவைச் சொல்லிவிடுமா? ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன் இவ்வினா உரோமை நகரின் நீர்க்கணக்கையே குழப்பியது. அவ்வரலாற்றைச் சற்றே காண்போம்.

கி.பி. 97-இல் பேரரசர் நெர்வா, செக்ஸ்டஸ் யூலியஸ் ஃப்ரான்டினஸ் என்பவரை நகரின் நீர் வழங்கலுக்குப் பொறுப்பாளராக அமர்த்தினார். உதவியாளர் சொற்படி நடப்பது தலைவனுக்கு இழுக்கு எனக் கருதிய அவர், தாமே அனைத்தையும் ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். அதனால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது.

அரசரின் அனுமதி பெற்ற வீட்டுக்குப் பகிர்வுத் தொட்டியில் முத்திரையிட்ட வெண்கல முனை ஒன்று பொருத்தப்படும். எளிதில் வளைத்து அகலப்படுத்த இயலாது என்பதால் வெண்கலம். அளவின் அலகு 'குயினாரியா'. ஒன்றேகால் விரல் விட்டமுள்ள, அதாவது சுமார் 2.3 செ.மீ. குழாயின் வாய்ப்பரப்பு. இத்தனை குயினாரியா என்றால் இத்தனை நீர், அவ்வளவே கணக்கு.

பதிவேடுகளைப் புரட்டியபோது அவருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. வரவு 12,755 குயினாரியா; செலவோ 14,018! வரவைக் காட்டிலும் செலவு 1,263 மிகுதி. கால்வாய்த் தலைப்புகளில் தாமே அளந்தார். பதிவேட்டைவிடச் சுமார் 10,000 குயினாரியா கூடுதலாக வந்துகொண்டிருந்தது. அந்நீர் எங்கே போயிற்று? களவு போயிற்று என்றார் அவர். களவு மெய்தான். தளவரிசைக்கு அடியில் குழாய்களைத் துளையிட்டுக் கடைகளுக்கு நீர் விற்றோரை அவர் கண்டுபிடித்தார்.

ஆயினும் அவர் கணக்கில் நீரின் விரைவுக்கு இடமில்லை. உயரத்திலிருந்து வரும் நீர் அளவை மிஞ்சும் என்பதையும், தாழப் பொருத்திய முனை மிகுதியாக இழுக்கும் என்பதையும் அவரே எழுதியுள்ளார். அறிந்ததை எண்ணாக்கத்தான் அவருக்கு வழி தெரியவில்லை. ஆகவே பற்றாக்குறையில் களவு எவ்வளவு, அளவைப் பிழை எவ்வளவு என்று பிரித்தறிய இயலாமற் போயிற்று. பிழையின் பங்கும் கள்வர் தலையிலேயே விழுந்திருக்கலாம் என எண்ணுகிறோம்.

அந்நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் ஹீரான், ஊற்றுநீரைக் குழியில் தேக்கி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு சேர்கிறது எனச் சூரியக் கடிகாரத்தால் காணச் சொன்னார். பரப்பை விரைவால் பெருக்க வேண்டும் என்பதை 1628-இல் இத்தாலியரான காஸ்தெல்லி நூலாக்கினார். அவர் மாணவர் டாரிசெல்லி 1644-இல், நீர்மட்டத்தின் உயரம் நான்கு மடங்கானால் பாயும் விரைவு இரு மடங்காகும் என நிறுவினார்.

இன்று நம் வீட்டிலும் இவ்விரண்டுமே உரைகல். அழுத்தத்தைத் தருவது மாடித் தொட்டியின் கொள்ளளவன்று, உயரமே. 10 மீட்டருக்குச் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1 கிலோ. வரத்தை அறிய ஒரு வாளியும் கடிகாரமும் போதும். 15 லிட்டர் வாளி ஒன்றரை நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர். குழாயை மாற்றுவதற்கும், அண்டை வீட்டாரை ஐயுறுவதற்கும் முன் இதை அளந்து பார்ப்பது நன்று.