புத்தாண்டு வழிபாட்டில் நன்றியும் நம்பிக்கையும்: சில சொற்களின் வரலாறு

கடந்த ஆண்டின் நன்மைகளுக்காக இறைவனைப் போற்றுவதும், வரும் ஆண்டை முன்னிட்டுப் பற்றுறுதியைப் புதுப்பித்துக்கொள்வதும் கிறித்தவப் புத்தாண்டு வழிபாட்டின் இரு கூறுகளாகும். இவற்றுள் பின்னது சீர்திருத்தச் சபைகளில் தனி வழிபாடாக உருப்பெற்றதில் ஜான் வெஸ்லிக்குப் பெரும் பங்கு உண்டு. 1755 ஆகஸ்டு 11ஆம் நாள் இலண்டனில் அவர் நடத்திய உடன்படிக்கைப் புதுப்பிப்பு வழிபாடு, நாளே காட்டுவதுபோல், புத்தாண்டோடு தொடர்புடையதன்று. பின்னரே அது ஆண்டுத் தொடக்கத்திற்கு உரியதாயிற்று. 1947இல் தோன்றிய தென்னிந்தியத் திருச்சபையில் வெஸ்லிய மரபினரும் இணைந்தமையால், அத்திருச்சபையின் வழிபாட்டு மரபிலும் அது இடம்பெற்றது. எனினும் அவ்வழிபாட்டில் வழங்கும் தமிழ்ச் சொற்களுக்கு வேறொரு வரலாறு உண்டு. மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டுவது அதுவே.

பப்ரீசியஸின் மொழிபெயர்ப்பு மரபில் உருவான 1871ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு, பவுல் தெசலோனிக்கேயர்க்கு எழுதிய முதல் மடலில் 'நன்றி கூறுதல்' எனப் பொருள்படும் கிரேக்க வினையை 'ஸ்தோத்திரஞ்செய்' எனப் பெயர்த்தது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியத்தில் அவ்விடத்து 'நன்றி கூறு' என்பது நிற்கிறது. 136ஆம் சங்கீதத்தில் முன்னதன் 'துதி' பின்னதில் 'நன்றி செலுத்து' ஆகிறது. இதனை வடசொல் நீக்கம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது.

அச்சங்கீதத்தின் எபிரேய வினை போற்றுதல், நன்றி கூறுதல், அறிக்கையிடுதல் ஆகிய மூன்றையும் ஒருசேர உணர்த்துவது. புகழுரையாகிய ஸ்தோத்திரமும் சபை வழக்கில் நன்றியையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. சந்திக்கும்போது சொல்லும் வணக்க உரையாகவும் அது வழங்குவதை நோக்க, அதன் பொருட்பரப்பு விளங்கும். ஆகவே பழைய பெயர்ப்பு கிரேக்கத்தைவிட எபிரேயத்திற்கு நெருங்கியது எனலாம்.

'நன்றி' என்பதோ தொடக்கத்தில் நன்மை, செய்த உதவி என்றே பொருள்பட்டது. குறளின் பதினோராம் அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்' எனப் பெயர் பெறுவதால், நன்றி என்பது பெற்ற உதவி. அதனை மறவாது அறிதலே பெற்றவரின் பண்பு. பிறர்க்குச் 'சொல்லும்' நன்றி பிற்கால வழக்கு. பெற்ற நன்மையை முன்னிட்டே நன்றி எழும். ஸ்தோத்திரத்திற்கு அக்கட்டுப்பாடு இல்லை. விளைச்சல் பொய்த்த ஆண்டின் இறுதியிலும், சாவு நேர்ந்த வீட்டிலும் ஸ்தோத்திரம் சொல்ல இயலும். அவ்விடத்து நன்றி சொல்லுமாறு கேட்டால், 'எதற்கு?' என்னும் வினா எழாமல் இராது. எனினும் உபகாரங்களை மறவாதே என்று தன் உள்ளத்தையே ஏவும் 103ஆம் சங்கீதத்திற்கு, அறிதலோடு பிணைந்த நன்றியே மிக இயைந்தது. இரு சொல்லுக்கும் தத்தம் வலிமை உண்டு. கத்தோலிக்க வழக்கின் 'நற்கருணை' இங்கு எண்ணத்தக்கது: நன்றி கூறுதலைக் குறித்த கிரேக்கச் சொல்லின் உறுப்புகள் அதில் அப்படியே தமிழாகியிருக்க, நன்றி மட்டும் நழுவிவிட்டது.

பற்றுறுதியைக் குறிக்கும் சொல்லில் நிகழ்ந்த மாற்றம் இதனினும் நுட்பமானது. கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் நிலைத்து நிற்பனவாகச் சொல்லப்படும் மூன்று, பழைய பெயர்ப்பில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 1995ஆம் ஆண்டுப் பெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. இரண்டாம் இடத்தில் இருந்த நம்பிக்கை முதலிடத்திற்கு நகர, காலியான இடத்தை எதிர்நோக்கு நிரப்பிற்று. சொல் மாறாமல் பொருள் மாறியமையால் இம்மாற்றம் எளிதில் புலப்படுவதில்லை. பல சபையார் கூடும் புத்தாண்டு வழிபாட்டில் 'நம்பிக்கையைப் புதுப்பித்துக்கொள்வோம்' என்று ஒருவர் கூறின், பழைய பெயர்ப்பில் ஊறியவர் செவிக்கு அது வருங்கால நன்மையை எதிர்பார்த்தல். புதியதில் பயின்றவர்க்கு இறைவனிடம் தம்மை ஒப்படைத்தல். அவ்வுரையைப் பிறமொழியில் பெயர்ப்பவர், பேசியவர் கையில் இருந்தது எந்தப் பதிப்பு என்பதை முதலில் கேட்டறிய வேண்டியவராகிறார்.