கணவாய்களைக் கடந்த மிதிவண்டி

கணவாய் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் தமிழர் நினைவில் எழுவது பாலக்காட்டுக் கணவாய். இரு மலைகளுக்கு நடுவே இயற்கை திறந்து வைத்த தாழ்வான வாயில் அது. மலையேறாமலே மலையைக் கடந்துவிடலாம். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே கிடக்கும் பிரெனே மலைத்தொடரில் கணவாய் என்பதன் பொருளே வேறு. ஆங்கு அது சிகரங்களுக்குச் சற்றே கீழே, மலையின் தோளில் அமைந்த ஒரு பள்ளம். அம்மலைத்தொடரில் உள்ள தூர்மலே கணவாயின் உயரம் 2115 மீட்டர். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து கேமரன் மலைக்குச் சென்றவர்கள், தானா ராத்தாவை அடைந்த பின்னும் அறுநூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருப்பதாக எண்ணிப் பார்த்தால் அதன் அளவு விளங்கும்.

இத்தகைய பாதைகளில் மிதிவண்டி ஏறிய வரலாறு பெரும்பாலும் வீரக்கதையாகவே எழுதப்படுகிறது. வீரம் இருந்தது உண்மையே. ஆயின் அவ்வீரர்கள் பட்ட துன்பத்தில் மலை கொடுத்தது ஒரு பங்குதான். மற்றொரு பங்கை மனிதர்கள் விதியாக எழுதிச் சேர்த்தார்கள். இந்த இரண்டாம் பங்கு எளிதில் மறக்கப்பட்டுவிடுகிறது.

அப்பாதைகள் மிதிவண்டிக்காகப் போடப்பட்டவை அல்ல. ஆடு மேய்ப்போர் நடந்த தடங்களே முதலில் இருந்தன. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், மலைப்பகுதியிலுள்ள வெந்நீர் ஊற்று ஊர்களை ஒன்றோடொன்று இணைக்கும் சாலை அமைக்கப்பட்டது. நோய் தீர நீராட வந்த செல்வர்களின் குதிரை வண்டிகளுக்காகவே 1864இல் தூர்மலே சாலை திறக்கப்பட்டது.

மிதிவண்டியை அங்கே கொண்டு சேர்த்தது ஒரு செய்தித்தாள். பாரிசில் வெளிவந்த ‘லோத்தோ’ என்னும் விளையாட்டு நாளிதழ், போட்டி இதழை வெல்லும் பொருட்டு 1903இல் நாட்டைச் சுற்றிவரும் பந்தயம் ஒன்றைத் தொடங்கியது. அதுவே இன்றும் நடைபெறும் ‘தூர் தெ பிரான்ஸ்’. முதலாம் ஆண்டில் புறப்பட்டோர் அறுபதின்மர், முடித்தோர் இருபத்தொருவர். ஆசிரியர் ஆன்ரி தெக்ராஞ்ஜ் தாமும் ஒரு மிதிவண்டி வீரரே. 1893இல் ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை நிறுவியவர். எனினும், ஓட்டத் தெரிந்தவர் ஓட்டுவோர் மீது இரக்கம் உடையவராகவும் இருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பிரெனே மலைகளைப் பந்தயத்தில் சேர்க்கலாம் என்று வற்புறுத்தியவர் அவ்விதழின் அலுவலர் அல்போன்ஸ் ஸ்டேனெஸ். பாதையைப் பார்வையிட மோட்டார் வண்டியில் சென்ற அவரைத் தூர்மலே உச்சிக்கு முன்பே பனி மறித்தது. வண்டியை விட்டு இறங்கி இருளில் தனியே நடந்தார், வழி தவறினார், விழுந்து எழுந்தார். மறுபுறத்து ஊராகிய பரேஜை அவர் அடைந்தபோது விடியற்காலை மூன்று மணி. உயிர் தப்பி வந்த அந்த மனிதர் பாரிசுக்கு அடித்த தந்தி என்ன கூறிற்று? தூர்மலேயைக் கடந்தாயிற்று, சாலை நன்றாக இருக்கிறது, தாராளமாகச் செல்லலாம் என்பதே. ஒரு தந்திப் பொய்யின் மீது எழுந்த மரபு இது எனலாம்.

1910ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள், லூஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர் தொலைவுக்கு அந்தக் கட்டம் நடந்தது. பெய்ரசூர்த், ஆஸ்பேன், தூர்மலே, ஓபீஸ்க் ஆகிய பெருங்கணவாய்கள் நான்கும் ஒரே நாளில்! பொழுது புலராத முன்னமே வீரர்கள் புறப்பட்டார்கள். தூர்மலே உச்சியை முதலில் கடந்தவர் ஒக்தாவ் லாபீஸ். இடையிடையே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே அவர் சென்றார். அவர்பின் வந்த குஸ்தாவ் கரிகூ ஒருவரே காலைத் தரையில் ஊன்றாமல் ஏறி முடித்தார். அதற்காக நூறு பிராங்கு பரிசு பெற்றார். அடுத்து, ஓபீஸ்க் உச்சியில் காத்திருந்த இதழின் அலுவலர்களைக் கண்டதும் லாபீஸ் அவர்களை நோக்கிக் ‘கொலைகாரர்கள்’ என்று கூவினார். அச்சொல் பெற வேண்டிய தெக்ராஞ்ஜ் அவ்விடத்தில் இல்லை; பொறுப்பை மற்றவரிடம் விட்டு அவர் பாரிசுக்குத் திரும்பியிருந்தார்.

ஏறத்தாழப் பதினான்கு மணி நேர ஓட்டத்தின் முடிவில் அக்கட்டத்தை வென்றவரும் லாபீஸே. அந்த ஆண்டின் பந்தயத்தை வென்றவரும் அவரே. நூற்றுப்பத்துப் பேர் தொடங்கிய அப்பந்தயத்தை நாற்பத்தொருவர் மட்டுமே முடித்தனர். இதழுக்கோ அது பெருவெற்றி. மறு ஆண்டே ஆல்ப்ஸ் மலையின் கலிபியே கணவாயும் சேர்க்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒரு வினா எழ வேண்டும். உலகின் முதன்மையான வீரர்கள் ஏன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள்? ஏற்றத்துக்கு ஏற்பப் பற்சக்கரத்தை மாற்றும் கியர்ப் பொறி அக்காலத்தில் இல்லையோ என்று மாணவர் கேட்கலாம். இருந்தது. சேன்ட் எத்தியேன் நகரத்துப் போல் தெ விவி, ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரில் தம் இதழில் கியர்ப் பொறியின் பயனை ஆண்டுக்கணக்காக எழுதி வந்தார். தாமே மலைகளில் ஓட்டியும் காட்டினார். 1902இல் தூர்மலேயில் நடந்த ஒரு சோதனை ஓட்டத்தில், மார்த் எஸ் என்னும் பெண்மணி மூன்று கியர் கொண்ட வண்டியில் கால் ஊன்றாமலே ஏறினார். தெக்ராஞ்ஜ் இதனை அறியாதவர் அல்லர். கியர் என்பது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கே உரியது என்று ஏளனமாக எழுதினார். தம் பந்தயத்தில் அதனை நுழையவிடவில்லை. ஆகவே வீரர்கள், மலையடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டி, மறுபுறத்துப் பற்சக்கரத்தைக் கொண்டு ஏறினர். உச்சியில் மீண்டும் கழற்றித் திருப்பினர். குளிரில் விறைத்த விரல்களுக்கு அதுவே ஒரு தண்டனை.

விதியின் கொடுமை முழுமையாக வெளிப்பட்டது 1913இல் ஆகும். யூஜின் கிறிஸ்தோப் என்பவர் தூர்மலே உச்சியைக் கடந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு அவரே வெல்லக்கூடும் என்னும் நிலை. அப்போது முன்சக்கரத்தைத் தாங்கும் கவை முறிந்தது. வேறு வண்டி வாங்கிக்கொள்ள விதி இடந்தரவில்லை. பிறர் உதவவும் கூடாது. வண்டியைத் தோளில் சுமந்து, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சேன்ட் மாரி தெ காம்பான் என்னும் சிற்றூரை அடைந்தார். ஆங்கொரு கொல்லன் உலை இருந்தது. நல்வினைப் பயனாக அவர் பூட்டுத் தொழில் பயின்றவர். இரும்பின் இயல்பு அறிந்தவர். கொல்லர் சொல்லால் வழிகாட்ட, பந்தயக் கண்காணிப்பாளர்கள் சூழ்ந்து நின்று பார்க்க, தம் கையாலேயே கவையைக் காய்ச்சி ஒட்டினார். இரும்பைப் பிடிக்க ஒரு கை, அடிக்க ஒரு கை. துருத்தியை ஊத மூன்றாவது கைக்கு எங்கே போவது? அங்கிருந்த சிறுவன் ஒருவன் ஊதினான். பிறர் உதவி பெற்ற குற்றத்துக்காகப் பத்து நிமிடம் தண்டம் விதிக்கப்பட்டது! பின்னர் அது குறைக்கப்பட்டது என்றாலும், அதற்கு முன்பே இழந்துவிட்ட மணிக்கணக்கான நேரத்தை யார் திருப்பித் தருவார்? கிறிஸ்தோப் அந்த ஆண்டு ஏழாம் இடம் பெற்றார். பின்னர்ப் பல ஆண்டுகள் போட்டியிட்டும் அப்பந்தயத்தை அவர் வென்றாரில்லை.

இந்நிலையை வீரர்கள் வாய்மூடி ஏற்றனர் என்று கருதவேண்டா. 1923இல் வென்ற ஆன்ரி பெலிசியே மறு ஆண்டு, புறப்படும்போது அணிந்த மேற்சட்டைகளில் ஒன்றைக்கூட வழியில் கழற்றி எறியலாகாது என்னும் விதியின்பேரில் சச்சரவிட்டு, தம் தம்பியோடு பந்தயத்தைவிட்டே விலகினார். அவர்களுடைய முறையீட்டைச் செய்தியாளர் அல்பேர் லோந்த்ர் வேறொரு நாளிதழில் எழுத, நாடெங்கும் அது பேசப்பட்டது. விதி உடனே மாறிவிடவில்லை. வெலோசியோ 1930இல் தம் நகரத் தெருவில் மிதிவண்டியைத் தள்ளிச் செல்கையில் டிராம் வண்டி மோதி மாண்டார். நோயுற்ற தெக்ராஞ்ஜ் 1936இல் பொறுப்பைக் கைவிட்டு ஒதுங்கினார். அடுத்த ஆண்டே, 1937இல், கியர்ப் பொறிக்கு அனுமதி கிடைத்தது. மார்த் எஸ் தூர்மலே ஏறி அப்போது முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

லாபீஸ் அந்நாளைக் காணவில்லை. முதல் உலகப் போரில் போர் விமானியாகிய அவர், 1917ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டார், அகவை இருபத்தொன்பது. கலிபியே கணவாயில் தெக்ராஞ்ஜுக்கு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. தூர்மலே உச்சியில் பின்னாளில் நிறுவப்பட்ட சிலையோ, மூச்சு வாங்கி வாய் திறந்தபடி மிதிவண்டி மீது ஏறிக்கொண்டிருக்கும் லாபீஸைக் காட்டுகிறது.