காமன் பொட்டலில் கட்டிய திரைக்கதை

இலங்கையின் மலையகத்தைப் படமாக்கக் கிளம்பும் புதியவர் முதலில் தேடுவது பனி படிந்த சரிவையும் கூடை சுமந்த பெண்ணையும்தான். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கிடைத்துவிடும், வினையே அதுதான். காட்சி சும்மா கிடைப்பதால் கதைக்கு மெனக்கெடத் தோன்றுவதில்லை. கதை கட்டும் வித்தையை வெளியூர்ப் படங்களில் கற்றுக்கொண்டு வருகிறவர், அதே வித்தையைத் தலைமுறைகளாகப் பழகிய தேயிலைத் தோட்ட லயத்து மக்களிடம் கேட்பதில்லை. அவர்களுடைய பள்ளிக்கூடம் காமன் கூத்து.

மாசியில், அமாவாசை கழிந்து வளர்பிறையில், கூத்து நடக்கும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். பகலில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவர் இரவில் வேடம் கட்டுவார். ரதியாக வருவதும் ஆண்தான். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிவான், ரதி புலம்புவாள், பின்பு அவன் எழுப்பப்படுவான் என்பது குழந்தைக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதைக்குக் கூட்டம் ஏன் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது? தகனம் நெருங்குவது தெரிந்தும் தடுக்க முடியாமல் பார்த்திருப்பதில்தான் அதன் பிடி இருக்கிறது. திடீர்த் திருப்பமே திரைக்கதை என்று நம்புகிறவர் இதை ஒருமுறை யோசிக்கலாம். நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிய தப்பு என்னும் பறைதான் கூத்தை நடத்துகிறது. விடியலில் ஆட்களைப் பிரட்டுக்கு, அதாவது பேர் போடும் காலை அணிவகுப்புக்கு, எழுப்பியதும் தப்புதான். ஒரே தோல், இரண்டு நேரம்: ஒன்று தோட்டத் துரையுடையது, மற்றது தங்களுடையது. ஓர் ஒலிக்கு இதைவிடச் செறிவான வேலை கொடுத்த படங்கள் அதிகம் இல்லை.

கூத்து சடங்குதானே, அதில் வாழ்க்கை எங்கே என்று கேட்கலாம். பதில் வரலாற்றில் இருக்கிறது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது; மிஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டது. ஒரே லயக் காம்பராவில் வளர்ந்தவர்களில் சிலர் கோச்சி ரயிலேறி, இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்குப் போனார்கள், சிலர் நின்றார்கள். அதற்குப் பிந்திய மாசிகளில் ரதியின் ஒப்பாரி வெறும் புராணமாகக் கேட்டிருக்காது என்பது என் கணிப்பு.

சந்தை பற்றிய ஆட்சேபம் இதைவிட வலுவானது. தென்னிந்தியப் படங்கள் தியேட்டர்களை நிரப்பியபோது உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்கு மூச்சுவிட இடமில்லை என்பது உண்மை. 1963இல் ‘தோட்டக்காரி’ வந்தும் அது ஒரு மரபாகத் திரளவில்லை. ஆனாலும் 1975இல் தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் ‘புதிய காற்று’ எடுத்தபோது எழுத்துக்கு மலையகத்தின் தெளிவத்தை ஜோசப்பை நாடினார். அதற்கு வெகுமுன்பே தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் தொழிலாளருக்காக நாடகம் எழுதியிருந்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் எட்டவேண்டிய எழுத்து அது. திரைக்கதையும் அந்த இனம்தான்.

கூத்தை அப்படியே படம்பிடித்தால் போதும் என்று சொல்லவில்லை. மன்மதன் எழுந்த பிறகு ரதி வேடக்காரர் அரிதாரத்தைக் கழுவிக்கொண்டு பிரட்டுக்குப் போய் நிற்கிறார், கணக்கப்பிள்ளை பேர் போடுகிறார். கூத்தில் அந்தக் காட்சி இல்லை.