நாவலாசிரியை தாமே பதிப்பாளரான வரலாறு

தமிழ் நாவலின் வரலாற்றை எழுதுவோர் கதையையும் பாத்திரங்களையும் விரிவாக ஆராய்வர். அந்நாவலை அச்சேற்றியவர் யார், விற்றவர் யார், எவரை நம்பி விற்றார் என்ற வினாக்களை அவர்கள் எழுப்புவது அரிது. இவ்வினாக்களுக்கு விடை காணாமல் இலக்கியத்துக்கும் சமுதாயத்துக்கும் உள்ள உறவை நாம் முழுமையாக உணர முடியாது. வை. மு. கோதைநாயகி அம்மாளின் (1901-1960) வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் நூலாகவே வெளிவந்தது. ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திர’மோ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ என்ற மாத இதழில் தொடராக வந்து, பின்னரே நூலாயிற்று. எழுத்தறிந்த மத்தியதர வர்க்கம் பெருகப் பெருக, நாவலுக்காகவே நடத்தப்படும் மாத இதழ்களும் தோன்றின. வடுவூர் துரைசாமி ஐயங்கார் தம் நாவல்களை ‘மனோரஞ்சனி’யில் வெளியிட்டார்.

இச்சூழலிலேதான் கோதைநாயகி எழுத வந்தார். ஆறு வயது நிரம்புமுன்னரே மணம் முடிக்கப்பட்டவர்; பள்ளிக் கல்வி பெறாதவர். அவர் வாயாற் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக் கொடுக்க உருவானதே ‘இந்திர மோகனா’ என்ற நாடகம். 1925இல், நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ என்ற இதழை அவர் ஏற்று நடத்தத் தொடங்கினார். கணவர் பார்த்தசாரதி துணை நின்றார். ‘வைதேகி’ என்ற நாவல் அதில் தொடராக வெளிவந்தது. பின்னர் சொந்த அச்சகமும் அமைந்தது.

இதன் பொருளாதாரத்தை நாம் உற்று நோக்குதல் வேண்டும். காதலும் குடும்பமும் மர்மமும் கலந்த கதை, இதழுக்கு வாசகரைத் தேடித் தந்தது. மாதந்தோறும் கதைக்காகக் காத்திருந்த வாசகரே அடுத்த நாவலுக்கும் ஆதரவாளராயினர். இவ்வாறு தொடரே நாவலின் விளம்பரமாகவும் அமைந்தது. ஒரு பெண் பிற பதிப்பாளரின் தயவை நாடாமல் தம் எழுத்துக்குத் தாமே உரிமையாளராக இருந்தார். அவர் கால நிலவுடைமைச் சமுதாயத்தில் இது சிறு செய்தியன்று.

ஆயினும் இவ்வுரிமைக்கு ஒரு விலை இருந்தது. இதழ் குறித்த நாளில் வெளிவர வேண்டுமாயின் கதை நிற்கலாகாது. நாட்டு விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றபோதும் அவர் எழுதினார். மறையும்வரை ஏறத்தாழ 35 ஆண்டுகளில் அவர் எழுதிய நாவல்கள் 115. பதிப்பாளரிடமிருந்து விடுபட்ட எழுத்தாளர் சந்தையின் தேவைக்குக் கட்டுண்டார். விதவையின் துயரையும் வரதட்சணைக் கொடுமையையும் குடியின் கேட்டையும் அவர் எடுத்துக்காட்டினார். எனினும் அக்கதைகள் பெரும்பாலும் தனிமனிதரின் மனமாற்றத்தையே தீர்வாக நம்பின. சமுதாய அமைப்பை அவை அசைக்கவில்லை.

‘வெறும் பொழுதுபோக்கு’ என்று கூறி இந்நாவல்களை ஒதுக்கிய விமர்சகர் பலர். கலைத்தரம் குறித்து அவர்கள் கூறுவதில் உண்மை உண்டு. ஆனால் அடுக்களையை விட்டு வெளியேறாத பெண்கள் அச்சிட்ட கதையை மாதந்தோறும் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள் என்பதும் உண்மையே. அவர்களுட் பலருக்குப் படிப்பு ஒரு பழக்கமானது இத்தகைய கதைகளாலேயே. அவ்வாசகரை உருவாக்கிய உழைப்பையும், தரத்தின் குறையையும் ஒருங்கே எடைபோடும் விமர்சனமே நமக்கு வேண்டுவது.