உலாந்தாக் கம்பெனியின் கல்லெழுத்து

கும்மிடிப்பூண்டியில் காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறவரை நிறுத்திக் கேட்டால், “கம்பெனிக்குப் போறேன்” என்பார். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகுதான் இந்தச் சொல் நம் வீடுகளில் புழங்கத் தொடங்கியது என்று நினைக்கிறோம். நமக்கு நேர் கிழக்கே, ஏரியும் கடலும் கூடும் பழவேற்காட்டில், 400 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கம்பெனி இருந்தது. 1602-இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி அது. நம் முன்னோர் வாயில் ‘உலாந்தாக்காரர்’ ஆன அந்த வணிகர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை வணிகம் முழுவதையும் அங்கிருந்தே நடத்தினார்கள். அந்தக் கம்பெனியின் ஆட்கள் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் பழவேற்காடு. ஊருக்குள்ளேயே, கடைத்தெருவின் சந்தடி கேட்கும் தூரத்தில் அவர்களின் கல்லறைத் தோட்டத்து மதில் தெரியும். 1656-இல் அமைந்த இந்தக் கல்லறைத் தோட்டத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் 76 கல்லறைகள் உள்ளன. வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. ஒன்றிடம் மணற்கடிகை, மற்றொன்றிடம் மண்டையோடு. முதல் முறை வரும் குழந்தைகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியருக்கு இவை அச்சுறுத்தும் உருவங்கள் அல்ல. நாழிகை ஓடுகிறது என்று சொல்லும் வாசற்படிச் செய்தி, அவ்வளவே. நிலையாமையைப் பாடிப் பழகிய நமக்கு அது அந்நியமாக இருக்கவும் கூடாது.

உள்ளே கூம்புத் தூண்களும் மாடம் வைத்த சமாதிகளும் உண்டு. படம் எடுப்பவர்கள் அவற்றையே எடுப்பார்கள். என் கால்கள் எப்போதும் தரையோடு படுத்திருக்கும் பலகைக் கற்களிடம்தான் போய் நிற்கும். குனிந்து விரலை வைத்துப் பார்த்தால் எழுத்துகள் மேலே எழும்பி நிற்பது தெரியும். நம் கோயில் சுவர்களில் எழுத்து உள்ளே வெட்டப்பட்டிருக்கும். உளி எழுத்தின் வழியே மட்டும் போகும். இங்கே முறை தலைகீழ். எழுத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள கல் முழுவதையும் ஒரே ஆழத்துக்குக் கொத்தி எடுத்திருக்கிறார்கள். கருங்கல்லில் இது எத்தனை நாள் வேலை என்பதைக் கல்தச்சரிடம்தான் கேட்க வேண்டும். ஓர் எழுத்தின் முனை உடைந்தால் ஒட்டவைக்க வழியில்லை. வரி முழுவதையும் இன்னும் ஆழமாக இறக்க வேண்டியிருக்கும், இல்லையேல் கல்லையே மாற்ற வேண்டியிருக்கும்.

இந்த வேலையைச் செய்த கைகள் நம் கரையின் கைகள். சோழமண்டலக் கரையில் கொத்திய கல்லறைப் பலகைகள் அந்நாளில் பெயர் பெற்றவை. இங்கிருந்து கப்பலேறி இலங்கைக்கும், இன்று ஜகார்த்தா எனப்படும் படேவியாவுக்கும் போயின. “ஹீர் லெய்ட் பெக்ராவன்”, அதாவது ‘இங்கே அடக்கப்பட்டிருக்கிறார்’ என்று தொடங்கும் வாசகத்தின் பொருள் கொத்தியவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தாளில் எழுதிக் கொடுத்ததைக் கல்லில் படம்போல் பெயர்த்திருப்பார். குடும்ப முத்திரை, தலைக்கவசம், சுருண்டு இறங்கும் இலைக்கொடி எல்லாம் அவர் கண்ணில் பார்த்திராத நாட்டின் வடிவங்கள். ஆனாலும் அந்தக் கொடிகளின் வளைவில் நம் மண்டபத் தூண்களின் சாயல் தெரிகிறது என்பது என் எண்ணம். ஒரு கல்லில் கெல்டிரியா கோட்டையே செதுக்கப்பட்டிருக்கிறது. உண்மைக் கோட்டை இருந்த இடத்தில் இன்று அகழியின் தடமும் முட்புதரும்தான் மிச்சம். கோட்டையைக் காண விரும்புகிறவர் கல்லறைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

பெயருக்கு அடுத்துக் கல்லில் வருவது பதவி. வணிகர், தலைமை வணிகர் என்று கம்பெனிப் பதிவேட்டின் வரிசை மாறாமல் எழுதியிருக்கிறார்கள். வயதையும் ஆண்டு, மாதம், நாள் என்று கணக்குத் தீர்த்து எழுதுவது அவர்கள் வழக்கம். கடல் தாண்டி வந்து, ஊர் திரும்பாமல் போனவர்களுக்காகப் பெண்சாதியோ கூட்டாளியோ உட்கார்ந்து எண்ணிய நாட்கள் அவை. அதைப் படிக்கும்போது அவர்கள் ஆண்டவர்கள் என்ற நினைப்பு எனக்கு விலகிவிடுகிறது.

அதே கம்பெனியின் கணக்கில் இன்னொரு கூட்டமும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் இக்கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம், சோற்றுக்கு வழியில்லாமல் தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்களைக் கம்பெனி வாங்கியது. அவர்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். இக்கரையின் கல் போன படேவியாவுக்கே இக்கரையின் ஆளும் போனார். ஊரையே உலகறியச் செய்த நெசவாளருக்கும் இங்கே கல் இல்லை. மலாய் நாட்டில் கட்டங்கட்டமான கைலியை இன்றும் ‘பெலிக்காட்’ என்கிறார்கள். மெக்சிகோவில் கழுத்துத் துணிக்குப் பெயர் ‘பலியகாத்தே’. இரண்டும் நம் பழவேற்காடுதான். துணியின் பெயரில் ஊர் நிலைத்தது. நெய்தவர் பெயர் எங்கும் இல்லை.

பெயர் நிலைப்பது யாராவது எழுதிவைத்தால்தான். 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் போதகராக இருந்த ஆபிரகாம் ரோகேரியுஸ், இங்குள்ள சமயத்தையும் வழக்கங்களையும் பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அவர் இறந்த பிறகு, 1651-இல் லெய்டனில் அச்சான அந்த நூலில் பர்த்ருஹரியின் நீதிமொழிகள் ஒல்லாந்த மொழியில் இடம்பெற்றன. வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறியது அதுவே முதல் முறை. சொல்லிக் கொடுத்தவரின் பெயரை ரோகேரியுஸ் மறைக்கவில்லை. அதனால்தான் பத்மநாபனை நாம் அறிவோம். கல் கொத்தியவருக்கு அப்படி ஒரு ரோகேரியுஸ் வாய்க்கவில்லை.

அலெக்சாண்டர் ரீ 1897-இல் சென்னை மாகாணத்து ஒல்லாந்தச் சின்னங்களைப் பற்றி எழுதிய நூலைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே நடந்தால் பல கற்கள் பேசும். நம் பகுதிப் பள்ளிகள் ஆண்டுக்கொரு முறையாவது பிள்ளைகளை இங்கே அழைத்து வர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். உச்சி வெயிலில் வர வேண்டாம். வெளிச்சம் நேராக விழும்போது புடைப்பெழுத்து தட்டையாகி மறைந்துவிடும். மாலை நான்கு மணிக்கு மேல், வெயில் சாய்ந்து ஒவ்வோர் எழுத்தின் பக்கத்திலும் ஒரு நூல் நிழல் விழும்போது வாருங்கள். அந்த நேரத்தில் பலகையின் ஓரங்களில், இலைக்கொடியின் அடியில், கீழ் மூலையில் என்று கொத்திய கையின் பெயருக்காக நான் பலமுறை குனிந்து தேடியிருக்கிறேன். உளி தத்திய சிறு புள்ளிகள்தான் விரலில் படுகின்றன.