வண்டிப் பாதையும் துண்டுச் சீட்டும்: ஊவாத் தோட்ட நிர்வாகத்தின் வரலாறு

பதுளையிலிருந்து பண்டாரவளை வழியாக அப்புத்தளைக்கு ஏறிச் செல்லும் ஒருவர் இன்று காண்பது மலைச்சரிவெங்கும் பரந்த தேயிலைப் பசுமையேயாயினும், அதன் இடையிடையே எஞ்சிக் கிடக்கும் பத்தனை என்னும் புல்வெளிகளைச் சற்று நின்று நோக்குவாராயின், ஆங்கிலக் குடியேறிகள் ஆஸ்திரேலியாவின் புல்வெளிகளில் ஆட்டு மந்தைகளை வளர்த்துப் பெருஞ்செல்வம் ஈட்டிய அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், இப்புல்வெளிகளில் மட்டும் ஆடு ஏன் நிலைக்கவில்லை என்ற வினா அவர் மனத்தில் எழாதிராது. முயற்சி நடவாமலில்லை. ஊவாவுக்கு அயலாகிய நுவரெலியாவிலே, 1848-ஆம் ஆண்டில், பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று கீர்த்தி பெற்ற சாமுவேல் பேக்கர் என்பவர், இங்கிலாந்திலிருந்து உயர்சாதிக் கிடாக்களையும் பசுவையும் குதிரையையும் வேலையாட்களையும் கப்பலேற்றிக் கொணர்ந்து ஆங்கிலப் பண்ணையொன்றை ஸ்தாபிக்க முயன்றார். பசுவோ மலையேறும் வழியிலேயே மாண்டது; பின்னர் வந்த நோய் மாடுகளை வாரிக்கொண்டது. இப்புல்வெளிகளில் முற்றிய மானாப்புல் ஆட்டுக்கு உகந்த மேய்ச்சலன்று என்பதையும் அவர் அனுபவத்தாலேயே அறிந்தார். மந்தைக்கு உதவாத அம்மானாப்புல்லே பின்னாளில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கூரைகளுக்கும், எருவுக்காக வளர்த்த தோட்டத்து மாடுகளின் தொழுவங்களுக்கும் பயன்பட்டது.

ஆகவே ஊவாவின் குடியேற்றப் பொருளாதாரம் புல்வெளியை விட்டுக் காட்டை நாடிற்று. அக்காடு எவருடையது என்ற வினாவுக்கு விடை முன்னரே ஆயுதத்தால் எழுதப்பட்டிருந்தது. 1815-இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. 1817-1818-இல் ஊவா, வெல்லஸ்ஸைப் பகுதிகளில் மூண்ட எழுச்சி, ஆள்பதி பிரவுண்ரிக் காலத்தில், ஊர்களையும் விளைநிலங்களையும் எரித்து அடக்கப்பட்டது. அதன்பின் 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம், காணி உறுதி காட்டப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவையென அனுமானித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியும் மாடு மேய்த்தும் வந்த கிராமத்தாரிடம் காட்டுவதற்கு உறுதி ஏது? ஏக்கருக்கு ஐந்து ஷில்லிங் என்று விற்கப்பட்ட நிலம் 1844-இல் இருபது ஷில்லிங்காக உயர்ந்தபோதிலும், வாங்குவோர் குறையவில்லை. இக்காலத்தில் பதுளையில் அதிகாரியாயிருந்து பாதைகளை வெட்டுவித்த மேஜர் ரொஜர்ஸ், ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பெயர் பெற்றவர், 1845-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். பதுளையின் புனித மாற்கு ஆலயத்தில் அவருக்கு நினைவுக்கல் உண்டு.

கோப்பித் தோட்டமொன்றை நடத்துவது என்பது யாது? நிலத்தின் சொந்தக்காரர் பெரும்பாலும் தூரத்திலிருந்தார். பணம் கொழும்பிலுள்ள ஏஜென்சிக் கம்பெனியிடமிருந்து, வரப்போகும் விளைச்சலை ஈடாகக் கொண்டு, முன்பணமாக வந்தது. தோட்டத்தில் இருந்தவர் துரை ஒருவரும், அவருக்குக் கீழே சின்னதுரை, கணக்கப்பிள்ளை, கங்காணிமாருமே. காடழிக்கும் வேலையைச் சுற்றுவட்டாரத்துச் சிங்களக் கிராமத்தார் ஒப்பந்தமாக எடுத்து மரம் வெட்ட, அதன்பின் தீயிடுதல், குழி வெட்டுதல், நாற்று நடுதல், புல் வெட்டுதல், கவ்வாத்து, பழம் பறித்தல், பழத்தோல் நீக்கிக் கழுவிக் களத்தில் உலர்த்துதல் ஆகிய அனைத்தும் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், தஞ்சாவூர், மதுரை முதலிய சீமைகளிலிருந்து வந்த தமிழரின் கையால் நடைபெற்றன.

இவை மலைநாடெங்கும் பொதுவானவை. ஊவாவைப் பிரித்துக் காட்டுவது அதன் தூரமே. இருப்புப்பாதை 1867-இல் கண்டியை அடைந்தும், பதுளைத் தோட்டங்கள் மலைத்தொடருக்கு அப்பால் ஒதுங்கியே கிடந்தன. கோப்பி ஒருபுறம் நுவரெலியா, இறம்பொடைக் கணவாய் வழியாக மாட்டுவண்டியில் இறங்கியது; மறுபுறம் ஹல்துமுல்லை, பலாங்கொடை வழியாக இரத்தினபுரிக்குச் சென்று, அங்கிருந்து களுகங்கையில் படகேறிக் களுத்துறையை அடைந்து கொழும்புக்குப் போயிற்று. இறங்கிய வண்டிகள் வெறுமனே திரும்பவில்லை. அரிசி மூட்டைகளுடன் திரும்பின. தோட்டத்து அரிசி தென்னிந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. மழையால் பாதை குலைந்தாலும் மாட்டுநோய் பரவினாலும் வண்டிகள் நின்றன. வண்டி நின்றால் அரிசி நின்றது. தோட்டம் கொடுத்த அரிசியின் விலை கூலியிலிருந்து கழிக்கப்பட்டமையால், உண்ட சோறே தொழிலாளியின் கணக்கில் பற்றாக ஏறியது. கோப்பியின் சுமைகூலியையும் அரிசியின் சுமைகூலியையும் துரையின் ஏடு தனித்தனியே எழுதிக்கொண்டது. இடைவழியின் கஷ்டத்தில் பெரும்பங்கைச் சுமந்தவர் கணக்கில் அது எழுதப்படவேயில்லை என்பது என் துணிபு.

தோட்டத்துக்குள்ளோ, ஆட்களை வேலைக்கு அழைக்கும் பிரட்டுத் தப்பு விடியுமுன் முழங்கும். பனியில் கம்பளி போர்த்துப் பிரட்டுக்களத்தில் நிற்கும் ஆட்களைக் கங்காணி எண்ணிச் சொல்ல, கணக்கப்பிள்ளை செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவர் நேராகவும் அன்றைய கட்டத்தை நிரப்புவார். முழுநாள் வேலை ஒரு ‘பேர்’. மழை வந்து பாதியில் கலைந்தாலும், பறித்தது குறைந்தாலும் ‘அரைப்பேர்’. பெயர் என்ற சொல்லே நாட்கூலியைக் குறிக்கும் சொல்லாக மாறியது எண்ணிப் பார்க்கத்தக்கது. வேலைக்கு இறங்கிய ஆள் ஒவ்வொருவருக்கும் பெரிய கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஊரிலிருந்து புறப்படும்போது அவர் கொடுத்த முன்பணமும், வழிச்செலவும், அரிசியும், கம்பளியும் சேர்ந்து கடனாகி, அக்கடன் தீர்ந்தாலன்றி ஆள் வேறு தோட்டத்துக்குப் போக இயலாதென்ற நிலை உண்டாயிற்று. 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டமோ, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் செல்பவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. இன்ன தொகையைக் கட்டினால் இவரை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சிறு தாளே ‘துண்டு’ எனப்பட்டது. ஒரு குடும்பத்தின் விலை எழுதிய அத்தாளை அக்குடும்பத்தார் வாசிக்கவும் அறியார்.

இந்த ஏற்பாடு முழுவதையும் அசைத்தது ஓர் இலைநோய். 1869-இல், பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமைப் பகுதியில், கோப்பி இலையின் அடிப்புறத்திலே செம்மஞ்சட் பொட்டுக்கள் காணப்பட்டன. விரலால் தடவினால் மஞ்சள்போலத் தூள் ஒட்டிக்கொள்ளும். சில வாரங்களில் இலை உதிரும். உதிர்ந்த கொம்பிலே காய் பிடிக்காது. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் அதிபர் துவெயிட்ஸ் அனுப்பிய இலைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பெர்க்லி பாதிரியார் அதே ஆண்டில் அப்பூஞ்சணத்துக்கு ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டு இலங்கையின் கோப்பி ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தரைத் தாண்டியமையாலும், விலை உயர்ந்தே நின்றமையாலும், தோட்டக்காரர் பலர் பொட்டுக்களைப் பொருட்படுத்தாமல் மேலும் மேலும் காட்டை அழித்தனர். 1880 முதல் இரண்டாண்டுகள் இங்கு தங்கி ஆராய்ந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்டு, காற்றில் பரவும் நோய்க்கு இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே வழிசெய்தது என்று விளக்கியபோது காலம் கடந்துவிட்டது. 1884 மே மாதத்தில், தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. துரைமார் கைவிட்ட தோட்டங்களில் மாதக்கணக்கான கூலிப் பாக்கியோடு நின்றவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1889-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்கச் சட்டம் கூலியை மாதக் கணக்கில் உரிய தவணைக்குள் கொடுக்கும்படி விதித்தது இப்பின்னணியிலேதான்.

இடையில் வந்த, கொயினாப் பட்டை தரும் சிங்கோனாவின் கதை சுருக்கமானது: அனைவரும் நட்டனர், விலை வீழ்ந்தது, பிடுங்கினர். தேயிலையோ வேறு விதமான பயிர். பறித்த கொழுந்தைத் தாமதமின்றிப் பக்குவஞ்செய்ய வேண்டியிருந்தமையால் தோட்டத்திலேயே தொழிற்சாலை எழுந்தது. ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டியிருந்தமையால், கோப்பிக் காலத்திலே பருவத்துக்கு வந்து ஊர் திரும்பியவர்கள் இப்போது பெண்டு பிள்ளைகளோடு லயங்களில் நிலைத்தனர். 1886-இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890-இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பத்தென்னையை வாங்கினார். 1885-இல் நானுஓயாவில் நின்றுபோயிருந்த இருப்புப்பாதை, பட்டிப்பொலைச் சிகரத்தைக் கடந்து 1893-இல் அப்புத்தளைக்கும், மறு ஆண்டு பண்டாரவளைக்கும் வந்தது. ஆடி, ஆவணி மாதங்களில் மலைமுகட்டைத் தாண்டி இறங்கும் வறண்ட கச்சான் காற்றில் கொழுந்து சுருங்கி மணம் கூடிய ஊவாத் தேயிலை, வண்டிமாட்டை நம்பாமல் கொழும்பை அடைந்தது.

பாதை குறுகிற்று, ஆயின் துண்டு குறுகவில்லை. தோட்டங்கள் பெருகி ஆட்தேவை மிகுந்தபோது ஒரு தோட்டம் மற்றொன்றிலிருந்து ஆட்களை இழுக்கக் கூடுதலான தொகை கொடுத்தது. அத்தொகை அவர்கள் தலையிலேயே கடனாக ஏறிற்று. 1921-இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு மூன்றாண்டுகளின் பின்னர், தெமோதரை வளைவைச் சுற்றி இறங்கிய புகையிரதம் பதுளையை வந்தடைந்தது.